தொரை பேரில் இருந்த நாய்

அந்த நாயை என்னிடம் கொடுக்கும்போது தோட்டத்தை நடத்துகிற தொரை இரண்டு விஷயம் சொன்னார். மாட்டிறைச்சி போடக் கூடாது, தோலில் சொறி வரும். இரண்டாவது, கொழும்புக்குப் போய் நாய்ப் பதிவில் இருக்கிற தன் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போட வேண்டும். முதல் விஷயத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதே இல்லை என்பது வேறு கதை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டின லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் றப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. லொறியில் விறகு ஏற்றப் போனேன். பிறகு லொறி ஓட்டினேன். பிறகு லொறி வாங்கினேன். வயசான றப்பர் மரங்களைத் தோட்டங்கள் பிடுங்கும்போது அவற்றை மொத்தமாக எடுத்து தேயிலை ஃபெக்டரிகளுக்கு விறகாகக் கொடுப்பதுதான் என் தொழில். தொண்ணூற்றிரண்டில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு வந்தபிறகு இந்தத் தொழில் நன்றாக விரிந்தது. என்னோடு தொடங்கின பலர் நின்ற மரத்தைப் பார்த்து எத்தனை லோடு வரும் என்று மதிக்கத் தெரியாமல் காணாமல் போனார்கள். நான் காணாமல் போகவில்லை. கரவனெல்லப் பக்கம் போகிற ரோட்டில் மாடி வைத்து வீடு கட்டினேன். கேட்டில் நம்பர், உள்ளே சொந்த டெலிபோன். எங்கள் வம்சத்தில் கேட்டும் நம்பரும் வைத்த முதல் ஆள் நான்தான். அதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

அதற்கு முன்னால் எங்களுக்கு விலாசம் என்று ஒன்று தனியாக இருந்ததில்லை. இன்ன தோட்டம், இன்ன டிவிஷன், இன்ன லயம் என்று எழுதினால் காகிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் ஆபீஸ் வழியாகத்தான் வந்தன. பிள்ளை பிறந்தால் ஆபீஸ், அடையாள அட்டை எடுக்கவும் ஆபீஸ், அதில் தொரையின் கையெழுத்து. தொரை கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும், போடாவிட்டால் நடக்காது. இதைத் தெரிந்துகொள்ள மூன்றாம் வகுப்பே அதிகம்.

இனி நாய்க்கு வருகிறேன். அந்தத் தொரை இளந்தாரி, நல்ல மனுசன். பேச்சில் மேல் கீழ் பார்க்க மாட்டார். கொழும்பிலிருந்து ஒரு அல்சேஷன் குட்டியைக் கொண்டுவந்து பங்களாவில் வளர்த்தார். விறகுக் கணக்கு பேசப் போகும்போதெல்லாம் அது என் செருப்பைக் கடிக்கும். ஒரு நாள் அதன் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிக் காட்டி, இங்கே தோலுக்கு அடியில் ஒரு சிப் இருக்கிறது என்றார். அரிசி மணி அளவு. ஊசியில் வைத்து ஏற்றிவிடுவார்களாம். கொழும்பில் நாய் டாக்டரிடம் ஒரு மெசின் இருக்கிறது, அதைக் கழுத்துக்கு மேலே பிடித்தால் ஒரு நம்பர் வரும், அந்த நம்பரைப் பார்த்தால் சொந்தக்காரன் பேர், விலாசம், டெலிபோன் எல்லாம் தெரிந்துவிடும். கழுத்துப் பட்டி அறுந்து போகும், இது சாகும்வரை கூடவே இருக்கும் என்றார். நானும் தடவிப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நாய் என் கையை நக்கியது.

கம்பெனி வந்தபிறகு தொரைமார் ஒரு தோட்டத்தில் நிலையாக நிற்பதில்லை. இவருக்கு ஆபிரிக்காவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. நாயைக் கொண்டுபோக முடியாது. அதற்கு ஆசைப்பட்டவர்கள் பலர். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வாய் திறந்தே கேட்டார். அவர் படித்தவர், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவர், சின்ன வயசில் நான் விறகு ஏற்றினதைப் பார்த்த ஆள். தொரை அவரிடம் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பி, “மொதலாளி, ஒங்க வீட்டுல எடம் இருக்கு, லொறியில ஓடித் திரியும், சந்தோசமா இருக்கும்” என்று சொல்லிச் சங்கிலியை என் கையில் கொடுத்தார். கிளாக்கர் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் லொறியை மெதுவாகத்தான் எடுத்தேன்.

தொரை கொடுத்த நாய்க் காகிதத்தை வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். அவள் என்னைவிட அதிகம் படித்தவள், ஆறாம் வகுப்பு.

“ஏங்க, இதுல தொரை பேருல்ல இருக்கு. பங்களா போன் நம்பர் போட்டிருக்கு. மாத்தச் சொன்னாருன்னு சொன்னீங்களே, எப்ப போறீங்க?”

“போவம், போவம். அவசரமில்ல.”

“நாளைக்கு எங்கயாவது ஓடிப்போச்சுன்னா?”

“இந்த நாய எவன் தொடுவான்? தொரை பேரு போட்டிருக்கு. நம்ம பேரப் பார்த்தா, ஏதோ லயத்து ஆளு நாய்னு கட்டி வெச்சுக்குவானுங்க. தொரை பேருன்னா பயம் இருக்கும்.”

“தொரை ஆபிரிக்காவுல இருக்காரு. அங்கயிருந்து வந்து பயமுறுத்துவாரா?”

“ஒனக்கு இதெல்லாம் வெளங்காது.”

“சரி. சோறு மட்டும் நம்ம வீட்டுல, பேரு அங்க. நல்லாருக்கு.”

அவள் அப்படித்தான் பேசுவாள். அப்போது நான் நினைத்தது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. நான் கண்டறிந்த உலகத்தில் ஒரு பொருள் தொரை பேரில் இருப்பதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு இல்லை. பலனும் கண்டேன். வடக்கில் சண்டை நடந்த காலம், ரோட்டில் நடைக்கு ஒரு சோதனைச் சாவடி. நாய் லொறியின் முன் சீட்டில் எனக்கும் டிரைவருக்கும் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து வரும். யாருடைய நாய் என்று சிங்களத்தில் கேட்பார்கள். தோட்டத்துத் தொரையின் நாய் என்பேன். அட்டையைக்கூட முழுசாகத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். டவுனிலும் எல்லாரும் அதைத் ‘தொரை நாய்’ என்றே கூப்பிட்டார்கள். அது எங்கள் வீட்டுத் தின்பண்டம் தின்று, எங்கள் முற்றத்தில் புரண்டு, என் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளர்ந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், இருவரும் கல்யாணமாகிக் கொழும்பில். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் நாயும்தான்.

தொலைந்த விதம் சாதாரணமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி அதைக் குளிப்பாட்டினாள். குளிப்பாட்டப் பட்டியைக் கழற்றி வேலியில் போட்டாள். கேட்டை யாரோ சரியாகச் சாத்தவில்லை. ஈர உடம்போடு நாய் டவுனுக்குப் போய்விட்டது. அது அடிக்கடி போகும், எங்கள் லொறிகள் நிற்கிற இடத்தில் படுத்திருந்துவிட்டு வரும். அன்றைக்கு வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கேட்டேன்.

“ஒங்க லொறியிலதானே ஏறிப் போச்சு. நான் பார்த்தேனே.”

“எங்க லொறி மூணும் இங்கதானே நிக்குது.”

“அப்ப அது வேற லொறியா? நீல நெறந்தான். முன்கதவு தொறந்து கெடந்துச்சு, ஏறி சீட்டுல ஒக்காந்துச்சு. டிரைவரும் ஒண்ணும் சொல்லல. ஒங்க ஆளுன்னு நான் பேசாம இருந்துட்டேன்.”

நீல லொறி எல்லாம் எங்கள் லொறி என்று நாய் நினைத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது, என் லொறிகளுக்கு நான்தான் ஒரே நிறம் அடித்தேன்.

கித்துல்கலையிலிருந்து அவிசாவளை வரை லொறி நிற்கிற இடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பொலிசில் சொல்லவில்லை. நாய்க்காக பொலிசுக்குப் போவது எனக்குக் கேவலமாகப் பட்டது. என் மனைவி ஒவ்வொரு முறை டெலிபோன் அடிக்கும்போதும் ஓடிப்போய் எடுத்தாள். விறகு கேட்டு வந்த டெலிபோன் கோல்தான் எல்லாம். அந்தச் சிப்பைப் பார்த்து யாராவது பேசுவார்கள் என்று அவள் நினைத்தாள். சிப்புக்குள்ளே இருந்தது எங்கள் நம்பர் இல்லை என்பதை அவளுக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை. அவளுக்கும் அது தெரியாமல் இல்லை.

மழைக்காலம் ஒன்று போனபிறகு ஒரு நாள் என் டிரைவர் வந்து சொன்னான்.

“மொதலாளி, தொரை நாயப் பார்த்தேன். அவிசாவளையில ஒரு ஹார்ட்வெயார் கடை வாசல்ல கட்டியிருக்கு.”

“அதேதானா?”

“கூப்பிட்டேன், எழும்பி நின்னு வாலை ஆட்டுச்சு. கயிறு இருக்கு, அதனால வர ஏலாதுன்னு சொல்லிருச்சு.”

“அதுவா சொல்லுச்சு?”

“மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?”

அன்றைக்கே போனேன். நல்ல வேட்டி, நல்ல சட்டை, கையில் கடிகாரம். கடைக்காரர் சிங்களவர், என்னைவிட மூத்தவர், வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. நாய் என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்தது, சட்டையெல்லாம் சேறு. பார்த்தீர்களா என்று அவரைப் பார்த்தேன்.

“மீன்காரன் வந்தாலும் இப்பிடித்தான் பாயும்,” என்றார்.

மோசமான ஆள் இல்லை. நீல லொறிக்காரன் இது எங்கிருந்து வந்து தன் சீட்டில் உட்கார்ந்தது என்று தெரியாமல் அவர் கடையில் விட்டுவிட்டுப் போனானாம். காதில் புண் இருந்திருக்கிறது. காரில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் நாய் பார்க்கிற டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறார். டாக்டரம்மா மெசினைப் பிடித்து, சிப் இருக்கிறது, சொந்தக்காரர் இன்ன தோட்டத்து சுப்பிரின்டன் தொரை என்று சொல்லி, அந்த நம்பருக்குக் கோல் எடுத்திருக்கிறார். பங்களாவில் இப்போது வேறு தொரை. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை, நாயும் தொலையவில்லை என்று வைத்துவிட்டார்களாம்.

அதை அவர் சொல்லும்போது கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பங்களாவுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று மைல் இருந்தால் அதிகம். கோல் மலைக்கு மேலே போய் நின்றுவிட்டது.

“மல்லி,” என்றார் அவர். தம்பி என்று அர்த்தம். “சிப்புல பேர் இருக்கிற தொரை வந்து கேட்டா இப்பவே கயித்தக் கையில குடுத்துருவேன். அதுக்காகவே பொலிஸ்ல என்ட்ரி போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கு நான் திருடுனேன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதே.”

“என்னைத் தெரியாதா? யட்டியாந்தோட்டையில போய் விறகு மொதலாளின்னு கேளுங்க.”

“யட்டியாந்தோட்டையில கேட்டா தெரியும். இது அவிசாவளை.”

சரி, பொலிசுக்கே போவோம் என்றேன். அவரும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். நாயும் வந்தது. ஸ்டேஷனில் ஒரு சார்ஜன், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சிப்பில் இருந்த பேரையும் விலாசத்தையும் எழுதி டாக்டரம்மா கொடுத்த துண்டுக் காகிதத்தைக் கடைக்காரர் நீட்டினார். என் அடையாள அட்டையை நான் நீட்டினேன். சார்ஜன் துண்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நாய் இந்தத் தோட்டத்து பங்களா,” என்றார். “நீங்க இந்தத் தோட்டத்து லயம்.”

அட்டையில் அப்போதும் பழைய விலாசம்தான். இருபது வருசத்துக்கு முன் எடுத்தது. வீடு கட்டிப் போனபோது மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. தோட்டத்து விலாசத்தைப் பார்த்தால், வடக்கு ஆள் இல்லை என்று சாவடியில் கேள்வி குறைவு, அதனால் அதை அப்படியே விட்டிருந்தேன்.

“அது பழசு மாத்தயா,” என்றேன், ஐயா என்கிற மரியாதையோடு. “இப்ப டவுன்ல மாடி வீடு.”

“அது இதுல இல்லையே.”

“வெளியில வந்து பாருங்க. என் லொறி நிக்குது. இது மாதிரி மூணு இருக்கு.”

“லொறிப் புத்தகம் யார் பேர்ல?”

“என் பேர்லதான். வாங்கின அன்னைக்கே மாத்துவேன். புத்தகம் மாறாம நான் ஒரு லொறியும் ரோட்டுல எறக்கினதில்ல.”

“அப்ப லொறி ஒங்களோடது,” என்றார் சார்ஜன். “நாய் தொரையோடது.”

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டான். சார்ஜன் சிரிக்கவில்லை. விளையாட்டாகவும் சொல்லவில்லை.

“கோபப்படாதீங்க. நான் பார்க்கிறது இவ்வளவுதான். தொரை வீட்டு நாய் காணாம போச்சு. அதே தோட்டத்து லயத்து ஆள் ஒருத்தர் வந்து என்னோடதுங்கிறார். நான் குடுத்திட்டேன்னு வைங்க. நாளைக்குத் தொரை வந்து நின்னா நான் என்ன சொல்ல? அவர்கிட்டயிருந்து ஒரு வார்த்தை கொண்டாங்க. அதுவரைக்கும் நாய் இவர் வீட்டுல இருக்கட்டும்.”

நான் லயத்தைவிட்டு வெளியே வந்து எத்தனையோ காலம். மழையில் ஒழுகுகிற அந்தக் கூரைக்குக் கீழே இனி படுக்க மாட்டேன் என்று வந்தவன். ஒரு துண்டுக் காகிதமும் ஒரு அட்டையும் பக்கத்தில் வைத்தவுடன் என்னைத் திரும்பக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டது. அதுவும் தொரை வீட்டு நாய்க்கு ஆசைப்பட்டவனாக. சார்ஜன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காகிதத்தில் இருந்ததை அவர் வாசித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

“நாய் யாரோடதுன்னு கேட்டாங்க. நீங்க யாரோடதுன்னு கேக்கலையா?”

“கேட்ட மாதிரிதான்.”

“அதைப் பார்த்தீங்களா? மெலிஞ்சிருக்கா?”

“இல்ல. கொழுத்திருக்கு.”

“நல்லாப் பார்த்துக்கிறாங்க,” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொரையின் ஆபிரிக்கா நம்பர் யாரிடம் இருக்கும்? பெரிய கிளாக்கரிடம்தான். வேறு ஆள் இல்லையா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன், இல்லை. மேலே தோட்டத்துக்குப் போனேன். அதே ஆபீஸ், அதே ஜன்னல், அதே வெள்ளைச் சட்டை.

“வாப்பா. தொரை நாயத் தொலைச்சிட்டியாமே.”

“தொலைக்கல. அவிசாவளையில இருக்கு. தொரைகிட்டப் பேசணும், நம்பர் வேணும்.”

“என்கிட்டக் குடுத்திருந்தா இந்த அலைச்சலே இல்ல. மொத நாளே பேர மாத்தியிருப்பேன்.”

“நீங்க மாத்தியிருப்பீங்க, சரிதான். ஆனா நாய் ஒங்ககிட்ட வந்திருக்காது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டில் நம்பரை எழுதித் தந்தார். அவர் நினைத்திருந்தால் தராமல் இருந்திருக்கலாம்.

அடுத்த நாள் மத்தியானம் என் வீட்டு டெலிபோனிலிருந்தே பேசினேன். தொரையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

“யாரு, விறகு மொதலாளியா? என்ன விசேசம்? நாய் சொகமா?”

சொன்னேன்.

“நீங்க இன்னும் பேர மாத்தலையா?”

“நேரம் கெடைக்கல தொரை.”

“இத்தனை வருசமா?”

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன் இல்லை நான், வியாபாரி. ஆனால் அவரிடம் வரவில்லை. “ஒங்க பேர்ல இருந்தா யாரும் தொட மாட்டாங்கன்னு நெனச்சேன் தொரை,” என்றேன்.

லைன் இரைந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“என் பேருக்கு அங்க என்ன இருக்கு?” என்றார். “நான் இருந்த பங்களாவுலயே என்னைத் தெரியாதுன்னுதானே சொல்லியிருக்காங்க.” அவர் வருத்தப்பட்டுச் சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று அந்த லைனில் கண்டுபிடிக்க முடியவில்லை. “சரி, டாக்டர் அம்மாவுக்கு இன்னைக்கே ஃபெக்ஸ் அனுப்புறேன். நீங்க நாயோட போங்க. அடையாள அட்டை கொண்டு போங்க.”

அவிசாவளைக் கடைக்காரரிடம் சொன்னேன். நாயைக் கொடுத்துவிடுவார் என்று பார்த்தால், நானும் கொழும்புக்கு வருகிறேன் என்றார். மெசினில் பேர் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை விடுவாராம். சரி ஏறுங்கள் என்றேன். லொறியின் முன் சீட்டில் டிரைவர், நாய், அவர், நான். நாய்க்கு இடம் போதாமல் அவர் மடியில் பாதி, என் மடியில் பாதி கிடந்தது. ஹங்வெல்ல தாண்டினபிறகு அவர் வாய் திறந்தார்.

“ராத்திரியில இது கால்மாட்டுல படுக்குமா ஒங்க வீட்டுலயும்?” என்று கேட்டார்.

“என் பொண்சாதி பக்கம். என்கிட்ட வராது.”

“என் பக்கமும் வராது. என் அம்மா பக்கந்தான். அவங்களுக்குக் கண்ணு தெரியாது. கட்டிலவிட்டு எறங்கினா இது முன்னுக்குப் போகும். யாரும் பழக்கல.” ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். “அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

வழி நெடுக விறகுக்கும் ஆணிக்கும் இப்போது விலை எப்படி என்று பேசினோம்.

டாக்டரம்மா மெசினை எடுத்து நாயின் தோளுக்கு மேலே மெல்ல நகர்த்தினார். கடைத் தராசு அளவு கூட இல்லாத ஒரு சின்ன சாமான். முதல் இழுவையில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, சில நாய்களுக்கு அப்படி ஆகும் என்றார். இரண்டாவது தடவை கீச்சென்று ஒரு சத்தம், நம்பர் வந்தது. கம்பியூட்டரில் தொரையின் பேரும் பங்களா நம்பரும் இருந்தன. நான் எட்டிப் பார்த்தேன். இங்கிலீசில் இருந்தாலும் அந்தத் தோட்டத்துப் பேரை எனக்கு வாசிக்கத் தெரியும்.

“இந்தச் சிப் ஒண்ணும் கண்டுபிடிக்காது,” என்று டாக்டரம்மா தமிழில் சொன்னார். “நாய் எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியாது. நீங்க கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். வீடு மாறினா, போன் மாறினா, வந்து சொல்லுங்க. கோல் எடுத்துச் சொன்னாலும் போதும்.”

பிறகு பேர் கேட்டார். சொன்னேன். விலாசம் கேட்டு அட்டையைக் கையில் வாங்கினார். நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல லயம்னு இருக்கே. எது சரி?”

“கேட்டுல நம்பர் போட்ட வீடு,” என்றேன். “இதுல இருக்கிறது நான் பொறந்த எடம்.”

வீட்டு விலாசத்தைப் போட்டார். டெலிபோன் நம்பரைப் போட்டார். நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பேசுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றார். மனைவியைச் சொல்ல வாயெடுத்தேன். அவளும் அதே வீடு, அதே டெலிபோன். கடைக்காரர் நாயின் காதைத் திருப்பி, ஆறின புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேரைப் போடச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இது திரும்ப நீல லொறியில ஏறினா அவிசாவளையிலதான் எறங்கும்,” என்றேன்.

“அப்ப போடுங்க,” என்று டாக்டரம்மாவிடம் தன் கடை நம்பரை இரண்டு தடவை சொன்னார்.

திரும்பும் வழியில் அவரை வீட்டு வாசலில் இறக்கினோம். அவருடைய அம்மா முன்கதவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாய் இறங்கி ஓடி அந்த அம்மாவின் கையை முகர்ந்துவிட்டு வந்தது. நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்து ஏறும்வரை காத்திருந்தேன். பிறகு மாசத்தில் ஒரு தடவை ஆணியோ கம்பியோ வாங்க அந்தக் கடைக்குப் போகும்போது நாயையும் கூட்டிப்போவது வழக்கமானது. யட்டியாந்தோட்டையிலேயே ஆணி கிடைக்கும்.

பொலிஸ் என்ட்ரியை முடித்துவைக்க அன்றைக்கே ஸ்டேஷனிலும் இறங்கினேன். சார்ஜன் டாக்டரம்மா கொடுத்த புதுத் துண்டை வாசித்தார், என் அட்டையையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் முன்னைப் போலவே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இப்ப நாய் டவுன்ல. நீங்க இன்னும் லயத்துல,” என்றார். “சண்டைக் காலம். நாய நிறுத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஒங்கள நிறுத்தி, அட்டை ஒரு எடம் ஆள் ஒரு எடமான்னு கேப்பாங்க. விளையாட்டு இல்ல, மாத்துங்க.”

அட்டையில் விலாசம் மாற்றக் கிராம சேவகரிடம் போனேன். அவர், தோட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டதாக ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். ஆகத் திரும்பவும் மலை ஏறினேன், திரும்பவும் அந்தக் கிளாக்கர். இந்தத் தடவை நாயும் லொறியில் வந்தது. அவர் பழைய பதிவைத் தேடி எடுத்து, எங்கள் லயத்துக்கு நேரே என் பேர் அப்போதும் இருப்பதைக் காட்டினார். அப்பா பேரும் அம்மா பேரும்கூட இருந்தன. இருவரும் போய்ச் சேர்ந்து வருசக்கணக்காகிறது.

“இதையும் எடுத்திரவா?” என்று கேட்டார். முதல் தடவையாக ‘நீங்க’ போட்டுப் பேசினாரா என்று கவனித்தேன். இல்லை.

“எடுங்க,” என்றேன்.

சிவப்புப் பேனாவால் மூன்று பேருக்கும் மேலே கோடு இழுத்தார். கடிதம் டைப் அடித்து, புதுத் தொரையிடம் கையெழுத்து வாங்கி வந்து, வாசலில் நின்று லொறியைப் பார்த்தார்.

“அதானே அந்த நாய்?”

“என் நாய்,” என்றேன்.

கையெழுத்து மை காயவில்லை. கடிதத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டு போய், நாயை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன்.